ஏழாம் அத்தியாயம்: துகள் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் – விண்ணப்பமும் பணவசதியும்

லேடாங் மலையின் அடிவாரத்தில், துணிக்கடைகளால் பேர் பெற்ற தங்காக் பட்டணத்திலோ அதைச் சூழ்ந்த தோட்டங்களிலோ பிறந்து வளர்ந்து, பௌதிகத்தில் இளங்கலைப் பட்டமும் பெற்று, இனித் துகள் பௌதிகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்வதென்று தீர்மானிக்கும் ஒரு மாணவர், அந்தத் தீர்மானத்தை வீட்டில் வெளியிட்டதும் கேட்க நேரும் முதற் கேள்வி, பணத்துக்கு எங்கே போவது என்பதாகவே இருக்கும். கேள்வி நியாயமானதே, ஆனால் வைத்தியப் படிப்புக்கும் வக்கீல் படிப்புக்கும் நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் பணம் கட்டிய குடும்பங்களின் அனுபவத்திலிருந்து எழுந்த அக்கேள்விக்கு, இத்துறையில் சொல்ல வேண்டிய விடை முற்றிலும் வேறு. நல்ல பௌதிக இலாகாக்களில் ஆராய்ச்சி மாணவர் சம்பளம் வாங்குகிறவரே ஒழியச் சம்பளம் கட்டுகிறவர் அல்லர். ஆகையால், இடம் தருகிறோம், பணம் தர இயலாது என்று ஒரு சர்வகலாசாலை எழுதுமானால், அதை மரியாதை பொருந்திய மறுப்பாகவே கொள்ள வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதற்கும் இதுவே ஆதார விதி.

தொடங்குமுன் தீர்மானிக்க வேண்டியவை

1. கிளையைத் தேர்ந்தெடுங்கள். கோட்பாடு, பரிசோதனை, கருவி நிர்மாணம் என்று இத்துறை மூன்றாகப் பிரிகிறது. கோட்பாட்டுப் பிரிவில் இடங்கள் சொற்பம். கணிதத்தில் அசாதாரணப் பயிற்சி உள்ளவர்களோடு போட்டியிட வேண்டியிருக்கும். பரிசோதனைப் பிரிவில் இடங்களும் அதிகம், பணமும் அதிகம். ஆனால் அங்கே நாளின் பெரும்பகுதி கணினியின் முன்னே நிரல் எழுதுவதில் கழிகிறதென்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். பைதான் மொழியும் சி பிளஸ் பிளஸ் மொழியும் கசக்கிறவருக்கு அப்பிரிவு ஏற்றதன்று.

2. எந்திரத்தின் காலக்கணக்கைப் பாருங்கள். ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஓடும் பெரிய துகள்மோதல் எந்திரம், தன் மூன்றாம் ஓட்டத்தை 2026-இன் நடுப்பகுதியோடு முடித்துக்கொண்டு, நீண்ட விரிவாக்க வேலைகளுக்காக நிறுத்தப்படுவதாகவும், பன்மடங்கு மோதல்களைத் தரவல்ல புதிய உருவில் 2030-இல் மீண்டும் இயங்குவதாகவும் திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. இந்த இடைக்காலத்தில் சேரும் மாணவர், தம் ஆய்வேடு ஏற்கனவே சேகரித்த தரவைக் கொண்டு எழுதப்படுமா, புதிய கருவிகளைச் செய்து சோதிக்கும் வேலையைக் கொண்டு எழுதப்படுமா என்று சேருமுன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டும் கௌரவமான வேலைகளே. கேட்காமல் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் தரவுக்காகக் காத்திருப்பதுதான் துன்பம்.

3. முதுகலை வேண்டுமா என்று பாருங்கள். அமெரிக்காவில் இளங்கலை முடித்தவரை நேரே டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். படிப்பு ஐந்தாறு வருடம் நீளும். ஜெர்மனியில் முதுகலை பெரும்பாலும் கட்டாயம். பிரிட்டனில் நான்கு வருடப் பட்டமோ முதுகலையோ எதிர்பார்ப்பார்கள். காலம் மூன்றரை முதல் நான்கு வருடம்.

தங்காக்கிலிருந்தபடியே செய்யக்கூடிய தயாரிப்பு

4. உண்மையான தரவை எடுத்து வேலை செய்யுங்கள். செர்ன் கூடத்தின் பெரிய பரிசோதனைகளில் ஒன்றான சி.எம்.எஸ்., தான் சேகரித்த மோதல் தரவின் ஒரு பகுதியை 2014 முதல் உலகத்தார் அனைவருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. ஹிக்ஸ் துகள் நான்கு லெப்டான்களாகச் சிதைவதைத் தேடும் பயிற்சி உள்ளிட்ட பல மாதிரி ஆய்வுகள் அங்கே விளக்கத்தோடு கிடைக்கின்றன. சாதாரண மடிக்கணினியும் இணைய வசதியும் உள்ள ஒருவர், 2012 ஜூலை 4-ஆம் தேதி உலகுக்கு அறிவிக்கப்பட்ட அந்தக் கண்டுபிடிப்பின் சிறு நிழலைத் தம் வீட்டு மேசையிலேயே வரைந்து பார்க்க முடியும். அதற்கான நிரலை ஒழுங்காக எழுதிப் பொதுவில் வைத்து, விண்ணப்பத்தில் அதைச் சுட்டுங்கள். எனக்குத் துகள் பௌதிகத்தில் ஆர்வம் உண்டு என்று பத்து வாக்கியம் எழுதுவதைக் காட்டிலும் அது நன்றாகப் பேசும்.

5. மலேசியக் குழுவை அணுகுங்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் தேசியத் துகள் பௌதிக மையம் சி.எம்.எஸ். கூட்டமைப்பில் பங்கு கொள்கிறது. ஜப்பானின் பெல் பரிசோதனையிலும் அதன் பெயர் உண்டு. பாகோவிலோ ஸ்கூடாயிலோ படிக்கிறவர் கூட, நீண்ட விடுமுறையில் அங்கே சில வாரம் வேலை கற்றுக்கொள்ள அனுமதி கேட்டு எழுதலாம். செர்ன் நடத்தும் கோடைக்கால மாணவர் திட்டத்தில் உறுப்பு நாடல்லாத தேசத்தாருக்கும் இடமுண்டு. விண்ணப்பம் வழக்கமாக ஜனவரி இறுதியில் முடிவடையும்.

6. கோட்பாட்டில் நாட்டமுள்ளவர் ட்ரியெஸ்டே நகரை மறக்க வேண்டாம். வளரும் நாடுகளின் இளைஞர் தனிமையில் வாடி ஆராய்ச்சியைக் கைவிடக் கூடாதென்று அப்துஸ் சலாம் 1964-இல் இத்தாலியின் அந்தத் துறைமுக நகரில் நிறுவிய சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிக மையம், ஒரு வருட டிப்ளமா ஒன்றை, தங்கும் செலவும் பிரயாணச் செலவும் தானே ஏற்று நடத்துகிறது. அதில் உயர் ஆற்றல் பௌதிகம் ஒரு தனிப் பிரிவு. இளங்கலைக்கும் டாக்டர் பட்டத்துக்கும் நடுவில் உள்ள பள்ளத்தைத் தாண்ட இதைவிட நல்ல பாலம் நம்மவருக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உபாயம்: தனியே படிப்பவர் ஆறு மாதத்தில் சோர்ந்துவிடுவார். இரண்டு மூன்று பேர் கூடி வாரம் ஒரு கட்டுரையைப் படித்து விவாதியுங்கள். சென்னையில் அல்லாடி ராமகிருஷ்ணன் ஐம்பதுகளின் பிற்பகுதியில் மயிலாப்பூரிலிருந்த தம் குடும்ப வீட்டில் மாணவர்களைக் கூட்டிக் கோட்பாட்டுப் பௌதிகக் கருத்தரங்கு நடத்திக்கொண்டிருந்தார். 1960-இல் நீல்ஸ் போர் அங்கே வந்து பார்த்தார்; 1962 ஜனவரியில் கணித விஞ்ஞான நிலையம் பிறந்தது. கூடத்துக்கு முன்னே கூட்டம் வந்ததென்பதைக் கவனியுங்கள்.

பணம் வரும் வழிகள்

மீட்டர் என்ன விலை என்று கேளாமல் தங்காக் துணிக்கடையில் யாரும் துணியைக் கிழிக்கச் சொல்வதில்லை. பேராசிரியரிடம் பணவசதியைப் பற்றி இரண்டாம் கடிதத்திலேயே கேட்பதும் அத்தகைய இயல்பான காரியமே. கூச்சப்படுவதற்கு அதில் ஒன்றுமில்லை. தேசத்துக்குத் தேசம் பணம் வரும் வாய்க்கால் வேறு. அதை அறியாமல் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி எழுதுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிசகு.

அமெரிக்காவில் இலாகாவே பணம் தருகிறது. தொடக்க வருடங்களில் இளங்கலை மாணவருக்குப் பாடம் நடத்தும் உதவி ஆசிரியராகவும், பின்னர்ப் பேராசிரியரின் மானியத்தில் ஆராய்ச்சி உதவியாளராகவும் வேலை செய்து, கல்விக் கட்டணம் தள்ளுபடியாகி, மாதச் சம்பளமும் பெறுவார் மாணவர். அங்கே தேர்வுக் குழுவே முடிவு செய்வதால், பேராசிரியருக்குத் தனியே கடிதம் எழுதுவது நல்லதே எனினும் இன்றியமையாததன்று.

ஜெர்மனியில் நிலைமை இதற்கு நேர்மாறு. பேராசிரியரோ ஆய்வுக்கூடமோ ஒரு வேலையை விளம்பரம் செய்கிறார்கள். மாணவர் அதற்கு விண்ணப்பிக்கிறார். அரசாங்க ஊழியரின் இ-13 சம்பள விகிதத்தில் பாதி முதல் முக்கால் வரை தருவது வழக்கம். ஹாம்பர்க்கின் டெசி கூடமும், மாக்ஸ் பிளாங்க் நிலையங்களின் ஆராய்ச்சிப் பள்ளிகளும் இவ்வகையில் நாட வேண்டியவை. இன்ஸ்பயர் என்னும் இலவசத் தரவுத்தளத்தில் உலகெங்கும் உள்ள துகள் பௌதிக வேலைகளின் பட்டியல் ஒன்று உண்டு. வாரம் ஒருமுறை அதைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் துகள் பௌதிகத்துக்கான அரசாங்கப் பணம் எஸ்.டி.எஃப்.சி. என்னும் சபையின் வழியே வருகிறது. முன்பு வெளிநாட்டாருக்கு அது அநேகமாக மூடிய கதவு. 2021 முதல் மொத்த இடங்களில் 30 சதவீதம் வரை அவர்களுக்குக் கொடுக்கலாம் என்றாயிற்று. 2025-26 கல்வியாண்டுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச உதவித்தொகை வருடத்துக்கு 20,780 பவுன். ஆக்ஸ்போர்டின் கிளாரண்டன், கேம்பிரிட்ஜின் கேட்ஸ் ஆகிய உபகாரச் சம்பளங்களையும் விண்ணப்பத்தோடு சேர்த்தே கேட்கலாம்.

ஜப்பான் அரசாங்கத்தின் மெக்ஸ்ட் உபகாரச் சம்பளத்துக்குக் கோலாலம்பூரில் உள்ள ஜப்பானியத் தூதரகத்தின் வழியே விண்ணப்பிக்கிறார்கள். கட்டணம் இல்லை, போய்வரும் விமானச் செலவும் உண்டு, டாக்டர் பட்ட மாணவருக்கு மாதம் ஏறத்தாழ 145,000 யென். சுகுபா நகரத்து கே.இ.கே. கூடத்தில் நடக்கும் இரண்டாம் பெல் பரிசோதனையில் சேர விரும்புவோருக்கு இது நேர்வழி. நம்மவர் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் நோக்கியே நின்று இவ்வழியைக் காணாமல் விட்டுவிடுகிறார்கள்.

இனி நம் நாடு. அடிப்படை விஞ்ஞானங்களுக்கென்றே உயர்கல்வி அமைச்சு ஏற்படுத்திய மைபிரெய்ன்எஸ்சி உபகாரச் சம்பளத்தின் நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவதால், அமைச்சின் அறிவிப்பை நேரே பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு வழி, எஃப்.ஆர்.ஜி.எஸ். என்னும் அடிப்படை ஆராய்ச்சி மானியம் பெற்ற பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளராகச் சேர்வது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது: மானியம் இரண்டு மூன்று வருடத்துக்குத்தான், டாக்டர் பட்டமோ அதற்கு மேலும் நீளும். மானியத்தில் இன்னும் எத்தனை மாதம் மீதமிருக்கிறது, அது தீர்ந்த பின் என்ன ஏற்பாடு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாரா உதவி பூமிபுத்ராக்களுக்கானது என்பதால் அங்கே காலத்தைச் செலவிட வேண்டாம். ம.இ.கா.வின் கல்விப் பிரிவான எம்.ஐ.இ.டி. தருவது கடன், விமானச் சீட்டு போன்ற சில்லறைத் தேவைக்கு உதவலாமே தவிர, நான்கு வருடப் படிப்புக்கு அதை நம்பக் கூடாது. பெற்றோரின் சேமநிதியிலிருந்து பிள்ளையின் கல்விக்காகப் பணம் எடுக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. இளங்கலைக்கு அது தகும், டாக்டர் பட்டத்துக்கு அதைத் தொடாதீர்கள்.

செர்ன் கூடத்தைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கை

செர்ன் பட்டம் வழங்குவதில்லை. அங்கே டாக்டர் மாணவர் திட்டம் என்று ஒன்று உண்டு. ஆனால் அது பொறியியல், கணினி, பிரயோக பௌதிகம் ஆகியவற்றுக்கானதே அன்றித் துகள் பௌதிக ஆராய்ச்சிக்கானதன்று. பெரும்பாலும் உறுப்பு நாட்டாருக்கானதுங்கூட. அங்கே துகள்களை ஆராயும் மாணவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு சர்வகலாசாலையில் பதிந்துகொண்டு, அதன் பணத்தில் ஜெனீவாவுக்கு அனுப்பப்பட்டவர்கள். செர்னுக்கு நேரே விண்ணப்பிக்க முயன்று ஒரு வருடத்தை இழக்க வேண்டாம்.

விண்ணப்பிக்கும் முறை

7. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, ஆர்க்கைவ் களஞ்சியத்திலும் இன்ஸ்பயரிலும் கட்டுரைகளைப் பார்த்து, எட்டுப் பத்துக் குழுக்களின் பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள். சி.எம்.எஸ். போன்ற கூட்டமைப்பின் கட்டுரையில் ஆயிரக்கணக்கானோர் பெயர் நிறுவன வாரியாக வருமாதலால், பெயர் இருப்பதைக் கொண்டு யார் என்ன செய்தார் என்று அறிய முடியாது. குழுவின் பழைய மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளின் தலைப்புகளைப் பாருங்கள். உண்மையான வேலை அங்கேதான் தெரியும்.

8. பேராசிரியருக்குச் சுருக்கமாக எழுதுங்கள். நீங்கள் யார், அவருடைய எந்த வேலையைப் படித்தீர்கள், அதையொட்டி நீங்கள் செய்தது என்ன, அடுத்த ஆண்டு மாணவரைச் சேர்க்க அவரிடம் இடமுண்டா: இந்த நான்கே போதும். எஸ்.பி.எம். சான்றிதழ் முதற்கொண்டு எல்லாவற்றையும் இணைத்து அனுப்புகிறவரின் கடிதம் திறக்கப்படாமலே போகும்.

9. ஆங்கிலப் பரீட்சையை செப்டம்பருக்குள் முடியுங்கள். எம்.யு.இ.டி. எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது, ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது டோஃபல் எழுதிவிடுவது நலம், அதன் மதிப்பெண் இரண்டு வருடத்துக்குச் செல்லும். பௌதிக ஜி.ஆர்.இ. பரீட்சையைப் பல அமெரிக்க இலாகாக்கள் இப்போது கட்டாயப்படுத்துவதில்லை. சில இலாகாக்கள் அனுப்பினாலும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு இலாகாவின் விதியையும் தனித்தனியே படித்த பின்பே பணம் கட்டுங்கள்.

10. சிபாரிசுக் கடிதங்கள் மூன்று வேண்டும். கடைசித் தேதிக்கு ஆறு வாரம் முன்பே கேளுங்கள். நம் விரிவுரையாளர்களில் பலர், இவர் ஒழுக்கமானவர், வகுப்புக்குத் தவறாமல் வருகிறவர் என்று நான்கு வரி எழுதிக் கையெழுத்திடுவதையே சிபாரிசென்று எண்ணுகிறார்கள். அவ்விதக் கடிதம் வெளிநாட்டுத் தேர்வுக் குழுவிடம் தீமையே செய்யும். நீங்கள் அவரிடம் செய்த வேலை, எதிர்ப்பட்ட சிக்கல், அதை அவிழ்த்த விதம் இவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்து அவர் நினைவைத் தூண்டுங்கள். கடிதத்தையே நீ எழுதிக் கொண்டுவா என்று அவர் சொன்னால், தகவல்களை மட்டும் கொடுத்துப் பணிவோடு விலகிக்கொள்ளுங்கள். அப்படியும் அவர் மறுத்தால் வேறொருவரை நாடுங்கள்.

11. நோக்க அறிக்கையைச் சிறுவயதில் லேடாங் மலைமேல் நின்று நட்சத்திரங்களைப் பார்த்ததில் தொடங்காதீர்கள். தேர்வுக் குழுவினர் ஒவ்வொரு வருடமும் அநேக மலைகளையும் அநேக நட்சத்திரங்களையும் வாசிக்கிறார்கள். முதற் பத்தியிலேயே நீங்கள் ஆராய்ந்த கேள்வியைச் சொல்லி, அதில் கண்டதையும் காணாததையும் சொல்லி, அந்தக் குழுவில் அதை எவ்வாறு தொடரலாம் என்று முடியுங்கள்.

12. விண்ணப்பக் கட்டணத்தைக் கணக்கிடுங்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் சுமார் 75 முதல் 120 டாலர் வரை ஆகும். பத்து இடமென்றால் சில ஆயிரம் வெள்ளி. வசதி குறைந்தவருக்குக் கட்டண விலக்கு உண்டா என்று விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்குமுன் எழுதிக் கேளுங்கள். கட்டிய பின் திரும்பாது. ஜெர்மானிய வேலை விளம்பரங்களுக்குக் கட்டணமே கிடையாது.

13. தேதியை மலேசிய நேரத்துக்கு மாற்றி எழுதி வையுங்கள். அமெரிக்கக் கெடுக்கள் டிசம்பர் நடுவிலும் ஜனவரித் தொடக்கத்திலும் விழும். டிசம்பர் 15 நள்ளிரவு என்று நியூயார்க் நேரத்தில் குறித்திருந்தால், நமக்கு அது 16-ஆம் தேதி பிற்பகல் ஒரு மணி. நேர்முகம் ஜெனீவா நேரப்படி மாலை நான்கு மணிக்கு என்றால், குளிர்காலத்தில் நமக்கு இரவு பதினொன்று. வீட்டு இணையம் துண்டித்தால் பேசுவதற்குக் கைப்பேசித் தரவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று யோசித்துக் காட்டுவதே நேர்முகத்தில் மதிக்கப்படுகிறது.

எச்சரிக்கைகள்

ஒப்பந்தத்தைப் படியாமல் கையெழுத்திடாதீர்கள். உள்நாட்டு உபகாரச் சம்பளங்களில் சில, பட்டம் பெற்றதும் திரும்பி வந்து குறிப்பிட்ட வருடம் வேலை செய்ய வேண்டுமென்ற நிபந்தனையும், தவறினால் செலவிட்ட தொகை முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டுமென்ற விதியும், அதற்கு இரண்டு ஜாமீன்தாரரும் உடையவை. ஜாமீன் கையெழுத்திடும் மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ அந்தத் தொகை எவ்வளவென்று வெள்ளிக் கணக்கில் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குவதே தர்மம். துகள் பௌதிகத்தில் பட்டம் பெற்றவர் மேலும் சில வருடம் வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்வது வழக்கமாதலால், திரும்பும் காலத்தை ஒத்திப்போட அனுமதி உண்டா என்பதையும் அப்போதே கேட்க வேண்டும்.

டாக்டர் பட்ட இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் தரகரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். இத்துறையில் தரகருக்கு வேலையே இல்லை. கடிதம் எழுதினால் பேராசிரியரே பதில் எழுதுவார். கடவுச்சீட்டின் நகலையும் வங்கி விவரங்களையும் இடம் உறுதியாகுமுன் எவருக்கும் அனுப்ப வேண்டாம். பி.டி.பி.டி.என். கடன் பாக்கி உள்ளவர், மேற்படிப்புக்காகத் தவணையை ஒத்திவைக்கும்படி புறப்படுமுன் விண்ணப்பித்துவிட வேண்டும். இல்லையேல் நிலுவை சேர்ந்துகொண்டே போகும்.

இடம் கிடைத்த பின்

14. உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். அமெரிக்க சர்வகலாசாலைகளில் பெரும்பாலானவை, பணத்தோடு கூடிய இடத்துக்கு ஏப்ரல் 15 வரை பதில் கேட்டு நெருக்குவதில்லை என்று தமக்குள் உடன்படிக்கை செய்திருக்கின்றன. அக்காலத்தில் அங்குள்ள மாணவர் இருவருக்காவது எழுதிக் கேளுங்கள்: கோடை மாதங்களில் சம்பளம் உண்டா, எத்தனை வருடத்துக்கு உத்தரவாதம், வைத்தியக் காப்புறுதி யார் கட்டுகிறார்கள், ஜெனீவாவுக்கு அனுப்பினால் அங்கத்திய விலைவாசிக்கேற்ப அதிகப்படி தருகிறார்களா, குழுவை விட்டுப் பாதியில் போனவர்கள் ஏன் போனார்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை மற்றவற்றைவிட உன்னிப்பாகப் படியுங்கள்.

15. விசாவுக்கு ஆகும் காலத்தையும் பணத்தையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். பிரிட்டனுக்குப் போகும் மலேசியர், பௌதிக ஆராய்ச்சிக்கு ஏ.டி.ஏ.எஸ். என்னும் அனுமதிச் சான்று பெற வேண்டும். அது இலவசம், ஆனால் ஆறு வாரமாவது ஆகும். காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். சுகாதார வரி வருடத்துக்கு 776 பவுன். நான்கு வருடத்துக்கு உரிய 3,104 பவுனையும் விசாவின்போதே ஒரே தொகையாகக் கட்ட வேண்டும். இதை உள்ளடக்காத உபகாரச் சம்பளங்கள் பல இருப்பதால், சர்வகலாசாலை திருப்பித் தருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

16. முதல் சம்பளம் மாதக் கடைசியில் வரும். வங்கிக் கணக்கு திறப்பது தாமதித்தால் இரண்டாம் மாதக் கடைசிக்கும் தள்ளிப்போகும். வீட்டு வாடகை முன்பணமோ போய்ச் சேர்ந்த வாரத்திலேயே கேட்கப்படும். ஆகவே எட்டு வாரச் செலவுக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் சம்பளத்தின் தேதி எது, முன்பணமாக அதில் ஒரு பகுதியைத் தர முடியுமா, பிரயாணச் செலவுக்கு உதவி உண்டா என்ற மூன்றையும் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே இலாகாவின் காரியாலயத்துக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். கேட்கிறவருக்கு அவற்றைத் தரும் இலாகாக்கள் பல உண்டு.